பள்ளி கேட்டுக்கு வெளியே யார் பொறுப்பு?

கேள்வி: எங்களுடையது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. கனமழை பெய்தால் கேட்டுக்கு முன்னால் இருக்கும் லோங்காங் (கால்வாய்) நிரம்பிவிடும். பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். சாலை விளக்கு இரண்டும் எரிவதில்லை. தலைமையாசிரியர் நகராண்மைக் கழகத்தைப் பார்க்கச் சொல்கிறார். அங்கே போனால் கல்வி இலாகா என்கிறார்கள். கல்வி இலாகாவில் கேட்டால் அது தோட்ட நிலம் என்கிறார்கள். கோயில் பக்கத்துக் காலி வீட்டில் பாலர் பள்ளி தொடங்கவும் எண்ணம் இருக்கிறது. கழகத்தில் கல்விக்குப் பொறுப்பான பிரிவு எது?
– பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர், பேராக்

பதில்: அப்படியொரு பிரிவு கிடையாது. உங்களை அலைக்கழித்த மூவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு உண்மை சொல்லியிருக்கிறார்கள். மலேசியாவில் கல்வி கூட்டரசு அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. அமைச்சு, மாநிலக் கல்வி இலாகா, மாவட்டக் கல்வி இலாகா, பள்ளி என்று அது மேலிருந்து கீழே இறங்கும். நகராண்மைக் கழகம் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி இயங்குவது. ஆசிரியர் நியமனத்திலோ வகுப்பறையிலோ அதற்கு வேலையில்லை. கால்வாய், விளக்கு, கடை லைசென்ஸ், கட்டட அனுமதி போன்றவைதான் அதன் எல்லை.

முதலில் நிலத்தைப் பாருங்கள். பள்ளி நிற்கும் லாட் (நிலத் துண்டு) எண்ணும் முக்கிமும் (மாவட்டத்தின் உட்பிரிவு) நிலவரி பில்லில் இருக்கும்; தோட்ட அலுவலகக் கிராணியிடம் கேட்டால் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' (அதிகாரபூர்வ நிலப் பதிவுத் தேடல்) போடுங்கள். கிராண்ட், அதாவது நிலப் பட்டா, யார் பெயரில் இருக்கிறது என்று முத்திரையோடு எழுதித் தருவார்கள். பல தோட்டங்களில் பள்ளிக்கென்று தனி லாட் பிரித்திருக்கமாட்டார்கள். முழுத் தோட்டமும் ஒரே கிராண்டில் கம்பெனி பெயரில் இருக்கும். தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைப் போட்டால் கணக்காய்வில் மாட்டிக்கொள்வோம் என்று கழக அதிகாரி பயப்படுவது இதனால்தான். கம்பெனியின் அனுமதிக் கடிதம் இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும். அதில் லாட் எண், கால்வாயின் நீளம் மீட்டரில், உள்ளே வந்து வேலை செய்யவும் பிறகு பராமரிக்கவும் சம்மதம் என்ற வரி, இந்த மூன்றும் இருக்க வேண்டும். 'பராமரிக்க' என்ற சொல் விடுபட்டால் அடுத்த மழைக்கு மறுபடியும் கடிதம் கேட்பார்கள். தோட்டங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன, பழைய கம்பெனியின் கடிதம் செல்லாது. அதனால் சாரியான் எடுத்த கையோடு கடிதத்தையும் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது சாலை. ஓரத்தில் நடப்பட்ட கிலோமீட்டர் கல்லில் வெறும் எண் இருந்தால் கூட்டரசு சாலை. எண்ணுக்கு முன்னால் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் பேராக் மாநிலச் சாலை. இரண்டையும் பார்த்துக்கொள்வது பொதுப்பணி இலாகா. சுங்கை சிப்புட் வழியாகப் போவது கூட்டரசு சாலை 1. அப்படிப்பட்ட சாலையில் பள்ளிக்கு முன்னால் நடைபாதைக் கோடு வேண்டுமென்றால் கழகத்திடம் கேட்டுப் பயனில்லை. எண்ணே இல்லாமல் வீடமைப்புக்குள் போகும் சாலை பெரும்பாலும் கழகத்துடையது. செம்பனைக்குள் நுழையும் செம்மண் சாலை தோட்டத்துடையது. விளக்குக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். கம்பத்தில் ஒரு எண் இருக்கும், அதைப் படமெடுத்துக் கழகத்துக்கு அனுப்புங்கள். 'கோயிலுக்கு எதிரே உள்ள விளக்கு' என்று எழுதினால் ஆள் வந்து தேடிவிட்டுத் திரும்பிப் போவார்.

கால்வாய் நிரம்புவது கேட்டுக்கு முன்னால் என்றாலும் கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. மழை விட்டதும் தண்ணீர் ஓடும் திசையில் ஒரு 200 மீட்டர் நடந்து பாருங்கள். சாலைக்கு அடியில் போகும் குழாய் வாயில் செம்பனை மட்டையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கலாம். அல்லது மேலே அகலமாக வந்த கால்வாய் அங்கே சின்னக் குழாய்க்குள் நுழையலாம். முதலாவதற்கு ஒரு நாள் துப்புரவு வேலை போதும். இரண்டாவதற்கு ஒதுக்கீடு வேண்டும். எது என்று தெரியாமல் எழுதினால் துப்புரவு ஆளை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். குழாய் வாயில் அளவு டேப்பை வைத்துப் படமெடுங்கள். கேட் தூணில் தண்ணீர் ஏறிய உயரத்தைச் சாக்பீசால் கோடு போட்டு, தேதியும் மணியும் எழுதிப் படமெடுங்கள். வெயில் நாளில் அதே இடத்தில் நின்று இன்னொரு படம். இந்த மூன்று படங்கள் இரண்டு பக்க விளக்கத்தைவிட வேகமாக வேலை செய்யும்.

கடிதம் மலாயில், ஒரே பக்கத்தில், ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம். கால்வாய், விளக்கு, பாலர் பள்ளி மூன்றையும் ஒன்றாக எழுதினால் அது பொறியியல் பிரிவு மேசைக்குப் போய், மற்ற இரண்டும் அங்கேயே தூங்கும். கையெழுத்து சங்கத் தலைவருடையதாக இருக்கட்டும், தீர்மானம் எடுத்த கூட்டத்தின் தேதியோடு. தலைமையாசிரியர் அரசு ஊழியர், மாவட்டக் கல்வி இலாகாவைத் தாண்டிப் போக அவர் தயங்குவது இயல்பு. அவரைக் குறை சொல்லாதீர்கள். கேட்டுக்கு உள்ளே பழுது என்றால் மட்டும் அவர் வழியாகப் போக வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியாக இருந்தால் கட்டட விஷயத்தில் பள்ளி மேலாளர் வாரியத்துக்கும் பொறுப்பு உண்டு. உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை இல்லாமல் முகப்பை விட்டு நகராதீர்கள்.

மூன்று இலாகாவும் ஒருவரையொருவர் கைகாட்டும்போது எல்லோரையும் ஓரிடத்துக்குக் கூப்பிடக்கூடியவர் மாவட்ட அதிகாரி. மாவட்ட மேம்பாட்டு நடவடிக்கைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். இலாகாத் தலைவர்கள் அங்கே ஒன்றாக உட்காருகிறார்கள். வந்த பதில்களை இணைத்து, கூட்டுத் தள வருகை கேட்டு அவருக்கு எழுதுங்கள். வருகையன்று கலையுமுன் இரண்டு கேள்வி: குறிப்பு எழுதுவது யார், முன்னின்று செய்யும் இலாகா எது? உங்கள் வட்டாரக் கழக உறுப்பினரையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டதிலிருந்து அவர்கள் நியமன உறுப்பினர்கள்தான். ஓட்டுக் கணக்கு காட்டி அசைக்க முடியாது, ஆனால் கழகக் கூட்டத்தில் எழுந்து கேட்க அவர்களால் முடியும். கழகத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், பெரிய குழாய் மாற்றும் வேலையை முந்திய ஆண்டின் நடுவிலேயே கேட்டுவிடுங்கள். டிசம்பரில் கேட்டால் பட்ஜெட் போட்டு முடித்திருப்பார்கள்.

பாலர் பள்ளிக்கு முதலில் வயதை முடிவு செய்யுங்கள். நான்கு முதல் ஆறு வயது வரை பத்துப் பிள்ளைகள் சேர்ந்தாலே 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்கீழ் பாலர் பள்ளி, பதிவு கல்வி இலாகாவில். நான்கு வயதுக்குக் கீழே என்றால் அது தஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு மையம். நான்கு பிள்ளைகள் வந்ததுமே சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். இரண்டையும் ஒரே கூரையின்கீழ் நடத்தினால் இரண்டு பதிவு. கழகத்தின் பங்கு இங்கே நிஜமாகவே உண்டு. குடியிருப்பு வீட்டைப் பாலர் பள்ளியாக மாற்ற அதன் ஒப்புதல் வேண்டும், கூடவே தீயணைப்புப் படை, சுகாதார அலுவலகம் ஆகியவற்றின் ஆதரவுக் கடிதங்களும். பலர் பெயிண்ட் அடித்து, நாற்காலி வாங்கி, பிள்ளைகளைச் சேர்த்துவிட்டுப் பிறகுதான் விண்ணப்பிக்கிறார்கள். எதையும் வாங்கும் முன்பே கழகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள். பழைய லயத்து வீடுகளில் தீயணைப்புப் படையினர் கண்ணில் முதலில் படுவது சன்னல் கம்பி. உள்ளிருந்து திறக்க முடியாத கம்பியும், பின்வாசலை அடைத்து நிற்கும் கேஸ் தோம்பும் இருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.