அறம் கட்டுப்படியாகுமா?

கேள்வி: வளர்ந்து வரும் நடுத்தர வலிமை கொண்ட நாடு, வெளியுறவில் அறம் பார்த்தால் கட்டுப்படியாகுமா? ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், 2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கைக்கு எதிராக வாக்களித்த இந்தியா, 2014 இல் ஒதுங்கி நின்றதை எப்படி எடுத்துக்கொள்வது?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: 1946 இல், விடுதலைகூடக் கிடைத்திராத நிலையில், இந்தியா தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை முறித்துக்கொண்டது. அங்கிருந்த இந்தியர்களின் நில உரிமையைப் பறித்த சட்டமே உடனடிக் காரணம். அவர்களுள் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தோர் ஏராளம். உறவுப் பாசம் கலந்திருந்ததால் அந்த முடிவின் அறம் குறைந்துவிடவில்லை என்பேன். நட்டத்தைத் தெரிந்தே ஏற்றார்கள்.

ஆனால் நட்டத்தை ஏற்கத் துணிந்தால் மட்டும் போதாது. 1995 இல் நைஜீரியாவின் இராணுவ அரசு எழுத்தாளர் கென் சாரோ-விவாவைத் தூக்கிலிட்டபோது, அந்நாட்டு எண்ணெயை எவரும் வாங்கக் கூடாது என்று தென்னாப்பிரிக்க அதிபர் மண்டேலா குரல் கொடுத்தார். ஆப்பிரிக்க நாடுகளே அவருக்குத் துணை வரவில்லை. வல்லரசைப்போல் தனித்து நின்று தண்டிக்கவும் இயலாது, சின்னஞ்சிறு நாட்டைப்போல் வாய்மூடி இருந்துவிடவும் இயலாது என்பதுதான் நடுத்தர நாட்டின் இக்கட்டு.

இனி ஜெனீவா. 2012 தீர்மானம், உள்நாட்டுப் போரைப் பற்றி இலங்கை தானே அமைத்த ஆணையத்தின் பரிந்துரைகளை நிறைவேற்றுமாறு கேட்டது. 23 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறிய 2014 தீர்மானமோ, ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் விசாரணைக்கு வழிவகுத்தது. வெளியார் விசாரணை இறையாண்மையைப் பாதிக்கும் என்று டெல்லி சொன்னது. தன் வீட்டுக்குள்ளும் அயலார் நுழைந்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கையும், கொழும்பில் சீனா காலூன்றிவிடும் என்ற அச்சமும் அந்த விளக்கத்துக்குப் பின்னால் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆகவே அதை வெறும் பச்சைத் துரோகம் என்று நான் எழுத மாட்டேன்; பாராட்டவும் மாட்டேன்.

என் குறை வேறு. உங்கள் ஊருக்கு அருகில், உச்சப்பட்டியில், இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983 முதல் வந்தவர்களுக்கு இந்தியா அடைக்கலம் தந்தது, உண்மைதான். ஆயினும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைச் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. இத்தகைய முகாம்களிலேயே பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்த பலர் இன்னும் எந்த நாட்டுக் குடிமக்களும் அல்லர். அதைத் தீர்க்க ஜெனீவாவில் 23 நாடுகளின் கை உயர வேண்டியதில்லை. டெல்லியில் ஒரு சட்டத்திருத்தம் போதும்.