கிராம சுகாதார செவிலியருக்குக் கொடுக்கும் பயிற்சி, அவர் பார்க்கும் வேலைக்குப் போதுமா?

பிரசவம் பார்க்கப் போதும். ஆனால் நாங்கள் இப்போது பிரசவமே பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். சமவெளியில் 5000 பேருக்கு ஒரு நிலையம், மலையில் 3000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. இந்த வேலைக்கான ஏ.என்.எம். (துணை செவிலியர்) படிப்பு எங்கள் காலத்தில் ஒன்றரை வருடம், இப்போது இரண்டு. அதற்கு மேல் 21 நாள் பிரசவப் பயிற்சியும் உண்டு: பார்ட்டோகிராப் (பிரசவ வலி எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கும் வரைபடம்) போடுவது, பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது, மூச்சு விடாத குழந்தைக்குப் பையை அழுத்திக் காற்று கொடுப்பது. நல்ல பயிற்சிதான். ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனைகளில் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் படித்தது கையை விட்டுப் போகிறது.

எங்கள் வேலை வேறு. 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைக் கண்டுபிடித்து பிக்மி எண் (அரசுக் கணினியில் கர்ப்பத்தைப் பதிந்ததும் கிடைக்கும் எண்) வாங்கிக் கொடுப்பது, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) குறைந்தவர்களை விடாமல் துரத்துவது. இரும்புச்சத்து மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். "மாத்திரை சாப்பிடுறியாம்மா?" என்றால் நூற்றுக்கு நூறு பேர் "சாப்பிடுறேங்க" என்பார்கள். "வெளிக்கு கருப்பா போகுதா?" என்று கேட்க வேண்டும். இந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகத்தான் போகும். திருதிருவென்று முழித்தால் அட்டை பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது என்று அர்த்தம். இதை எனக்குச் சொன்னது ஒரு சீனியர் அக்கா, பாடப் புத்தகம் இல்லை. அப்புறம் மாமியாரிடம் பேச வேண்டும். மாத்திரை தின்றால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்று தடுப்பது பெரும்பாலும் அவர்தான்.

இன்னொரு தலைவலி வளைகாப்பு. ஏழாம் மாதம் வளையல் போட்டதும் பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். ரத்த அழுத்தம் ஏறுகிற நேரமும் அதுதான். கணினியில் அவள் எண் இருக்கும், சரி, அந்த ஊரில் யாராவது கதவைத் தட்ட வேண்டுமே? அங்கிருக்கும் நர்சம்மாவின் செல் நம்பரைத் தேடிப் பிடித்து, "உங்க ஏரியாவுக்கு ஒரு ஹை ரிஸ்க் வருதுக்கா" என்று நாங்களே சொல்லிவிடுவோம். இது எந்தப் படிவத்திலும் ஏறாது.

எங்கள் மாதக் கூட்டத்தில் கேட்பது எத்தனை பதிவு, புதன்கிழமை எத்தனை தடுப்பூசி. எட்டு கிராமில் இருந்த ஹீமோகுளோபினை எத்தனை பேருக்குப் பதினொன்றுக்கு ஏற்றினீர்கள் என்று கேட்டால் என் மாதிரி ஆட்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வோம்.

என்னைக் கேட்டால், புதிதாக வேலைக்கு வருபவரை ஆறு மாதம் ஒரு சீனியரோடு வீடு வீடாக அனுப்ப வேண்டும். பழையவர்களுக்கு மாதம் இரண்டு நாள் பிரசவ அறையில் டியூட்டி போட வேண்டும். 108 வந்து சேர்வதற்குள் வழியிலேயே பிள்ளை பிறப்பது இன்னும் முழுதாக நிற்கவில்லை. மலை கிராமங்களில் கேட்கவே வேண்டாம்.