முதல் ஸ்மார்ட்போன்: கேட்டவையும் சொன்னவையும்

முதன்முறையாக ஸ்மார்ட்போன் பிடிப்பவர்களின் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்தவற்றுக்கு விடை எழுதுகிறேன். படிக்கும்போது ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 68. இத்தனை நாள் பொத்தான் வைத்த கைபேசிதான். புதியதைத் திறந்ததும் மொழி கேட்டது, வைஃபை கேட்டது, பிறகு கூகுள் கணக்கு கேட்டது. அங்கேயே நிற்கிறேன். "தவிர்" என்பதை அழுத்திவிட்டுப் போகலாமா?

போகலாம். கணக்கு இல்லாமலும் பேசலாம், படம் எடுக்கலாம். ஆனால் பிளே ஸ்டோரில் ஒரு செயலியைக்கூட இறக்க முடியாது. எனவே இன்றில்லாவிட்டால் நாளை அந்த வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். பொறுமையாக உட்கார்ந்து இன்றே முடித்துவிடுங்கள்.

உங்களுக்கென்று ஒரு கணக்கு, உங்கள் பெயரில், நீங்களே தேர்ந்த கடவுச்சொல்லுடன் இருக்க வேண்டும். கைபேசி விற்றவர் அவசரத்தில் திறந்து கொடுத்த கணக்கு வேண்டாம். பேரனுடைய கணக்கும் வேண்டாம். கைபேசி உடையும், தொலையும், பழையதாகும். உங்கள் தொடர்பு எண்களும் படங்களும் செயலிகளும் பத்திரமாக இருப்பது கணக்கில்தான். கணக்கு வேறொருவருடையதாக இருந்தால், உங்கள் குடும்பப் படங்கள் அவருடைய கைபேசியிலும் தெரியும். அவர் கடவுச்சொல்லை மாற்றும் நாளில் நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

இன்னொன்றும் உண்டு. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் திருட்டைத் தடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. திரைப்பூட்டு மறந்துபோய், கைபேசியை வெளியிலிருந்து முழுவதுமாக அழித்துப் புதிதாகத் தொடங்கினாலும், அதில் முன்பு இருந்த கணக்கின் கடவுச்சொல்லையோ பழைய பூட்டையோ கேட்கும். சொல்லத் தெரியாவிட்டால் உள்ளே விடாது. உரிமையாளரே ஆனாலும் திருடனைப் போலத்தான் நடத்தும்.

ஆகவே நோட்டை எடுங்கள். மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், மீட்புக்காகக் கொடுத்த தொலைபேசி எண், திரைப்பூட்டு எண், நான்கையும் எழுதுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டோடு தெளிவாக எழுதுங்கள். பிறகு "தவிர்" என்று காட்டும் மற்ற எல்லாவற்றையும் தாராளமாகத் தவிர்க்கலாம்.

கேள்வி: கடவுச்சொல்லை எழுதி வைக்கக் கூடாது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?

அலுவலக மேசையில் ஒட்டி வைக்கக் கூடாது. வீட்டு அலமாரியில் நோட்டுக்குள் இருக்கலாம். இணையத்தில் திருடுகிறவன் உங்கள் அலமாரியைத் திறக்க மாட்டான். வங்கி அட்டையின் ரகசிய எண்ணை மட்டும் அந்த நோட்டில் எழுத வேண்டாம்.

கேள்வி: என் விரலுக்கு இந்தத் திரை அடங்கவே மாட்டேன் என்கிறது. ஒன்றைத் தொட்டால் சின்னங்கள் எல்லாம் ஆடுகின்றன, சில காணாமலே போய்விடுகின்றன. கைபேசியில் கோளாறா?

கோளாறு இல்லை அம்மா. பொத்தான் கைபேசியில் பழகியவர்கள் எல்லாருக்கும் இது நடக்கிறது. பொத்தானை அழுத்தும்போது அது உள்ளே இறங்கும் வரை விரலை வைத்திருப்போம். அந்தப் பழக்கத்தில் திரையிலும் விரலை ஊன்றுகிறோம். ஆனால் இந்தத் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரலின் தோல் அருகே வரும்போது கண்ணாடிக்கு அடியில் உள்ள மின்புலத்தில் உண்டாகும் சிறு மாற்றத்தைத்தான் உணர்கிறது. நகத்தால் தட்டினால் அதற்குத் தெரியாததும், ஈரக் கையால் தொட்டால் தடுமாறுவதும் இதனால்தான்.

அரை விநாடி விரல் ஒரே இடத்தில் நின்றால் அது "நீண்ட அழுத்தம்" ஆகிவிடும். அது வேறு கட்டளை: சின்னத்தை நகர்த்து, நீக்கு என்று பொருள். விரல் லேசாக நகர்ந்ததும் சின்னம் "அகற்று" என்ற இடத்தில் போய் விழுகிறது. முகப்பிலிருந்து மறைந்தாலும் செயலி அழிந்திருக்காது. முகப்பில் கீழிருந்து மேலே தள்ளினால் முழுப் பட்டியலில் இருக்கும்.

அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை மாற்றும் வசதி இருக்கிறது. அதை "நீளம்" என்று வைத்துவிடுங்கள். உங்கள் தொல்லையில் பெரும்பகுதி அன்றே தீரும். எழுத்தளவையும் அதே பகுதியில் பெரிதாக்கலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் விளிம்பிலிருந்து விரலை இழுத்துப் பின்னால் போகும் முறை வந்திருக்கிறது. பழகாதவர்களுக்கு அது சோதனை. வழிசெலுத்தல் அமைப்பில் "மூன்று பொத்தான்" முறையைத் தேர்ந்தால், பின்செல்ல, முகப்புக்குப் போக, திறந்தவற்றைப் பார்க்க என்று கீழே மூன்று குறிகள் நிலையாக நிற்கும்.

விரல் நுனியால் தட்டி உடனே எடுக்கப் பழகுங்கள். கால்குலேட்டர் செயலியைத் திறந்து எண்களைத் தட்டிப் பாருங்கள். அதில் எதையும் கெடுக்க முடியாது.

கேள்வி: இரவு முழுவதும் சார்ஜரில் விடலாமா? முழுவதும் தீர்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டுமா?

விடலாம். நிறைந்ததும் கைபேசி தானாக மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். முழுவதும் தீர்த்துவிட்டு ஏற்றச் சொன்னது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு. இன்று இருப்பது லித்தியம் அயனி. அதற்குச் சூனியம் வரை இறங்குவது பிடிக்காது. அதைவிடப் பெரிய பகை வெப்பம். ஏற்றும்போது தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள்.

கேள்வி: 32 ஜிபி என்று சொல்லி வாங்கினேன். எதையுமே போடவில்லை, இடம் நிறைந்துவிட்டது என்கிறது.

நீங்கள் போடவில்லை, மற்றவர்கள் போடுகிறார்கள். ஆண்ட்ராய்டும் கூடவே வந்த செயலிகளும் முதலிலேயே கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதை வாட்ஸ்அப் குழுக்களில் வரும் காணொளிகளும் காலை வணக்கப் படங்களும் நிரப்புகின்றன. வாட்ஸ்அப் அமைப்புகளில் "சேமிப்பிடம் மற்றும் தரவு" பகுதிக்குப் போய், தானாகப் பதிவிறங்குவதை மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் நிறுத்துங்கள். அங்கேயே "சேமிப்பிடத்தை நிர்வகி" என்பதில் பெரிய கோப்புகள் வரிசையாக நிற்கும். தேவையற்றவற்றை அங்கிருந்தே அழிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. கூகுள் போட்டோஸில் காப்பு (பேக்கப்) எடுத்திருக்கிறோமே என்ற தைரியத்தில், அதே செயலியில் படங்களை அழிக்காதீர்கள். அங்கே அழித்தால் காப்பிலும் அழியும். அதில் "இடத்தைக் காலியாக்கு" என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது. அது கைபேசியில் உள்ள பிரதியை மட்டும் நீக்கும். தவறி அழித்துவிட்டவர்கள் உடனே குப்பைத்தொட்டியைப் பாருங்கள். காப்பு எடுத்த படம் 60 நாள் அங்கே இருக்கும், காப்பு எடுக்காதது 30 நாள்.

கூகுள் இலவசமாகத் தருவது மொத்தம் 15 ஜிபி. அதை மின்னஞ்சலும் படங்களும், கோப்புகளைச் சேமிக்கும் டிரைவும் பகிர்ந்துகொள்கின்றன. எந்தக் கணக்கின் 15 ஜிபி என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கும்தான் நோட்டு.

கேள்வி: எந்தக் கைபேசி வாங்கலாம்?

நிறுவனம் சொல்ல மாட்டேன். பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும் என்று கேட்டு வாங்குங்கள். அது தெரியாத கைபேசி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: கைபேசியில் தமிழில் எழுத எது நல்ல வழி?

தமிழ்99. இது என் உறுதியான கருத்து. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட விசைப்பலகை இது. உயிர் 12, மெய் 18, ஒரு புள்ளி என 31 விசைகளில் 247 எழுத்துகளும் வந்துவிடும். செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியில் கிடைக்கிறது. ஐபோனில் ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: அதற்கு ஏன் புதிதாக ஒன்றைக் கற்க வேண்டும்? ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழ் வந்துவிடுகிறதே. கோடிக்கணக்கானவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

எழுதுகிறார்கள், அதனால்தான் வருந்துகிறேன். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவரை, தமிழ் எழுத ஆங்கில எழுத்துகளைக் கற்றுவா என்று சொல்வது எந்த நியாயம்? இங்கே கேள்வி அனுப்பியவர்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

நடைமுறைக்கும் வருவோம். வழி, வலி, வளி மூன்றையும் பெரும்பாலானவர்கள் ரோமன் எழுத்தில் ஒரே மாதிரிதான் தட்டுகிறார்கள். செயலி ஊகித்து ஒன்றை முன்னே வைக்கிறது. கவனிக்காமல் அனுப்பிவிடுகிறோம். தமிழ்99-இல் ழ வேண்டுமென்றால் ழ-வைத்தான் தொடுகிறீர்கள், ஊகத்துக்கு இடமில்லை.

விசை எண்ணிக்கையைப் பாருங்கள். "தங்கம்" என்று எழுத ரோமன் எழுத்தில் ஏழு தட்டு. தமிழ்99-இல் த, ங, க, ம, புள்ளி, ஐந்தே தட்டு. ங-வை அடுத்து க வந்தால் புள்ளி தானாக விழும். ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற எல்லாவற்றுக்கும் இப்படியே. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும் என்ற நம் மொழியின் இயல்பே விசைப்பலகைக்குள் இருக்கிறது. இதை வகுத்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கேள்வி: ஐயா, ஊகம் ஊகம் என்கிறீர்கள். இப்போதைய செயலிகள் முழுச் சொல்லையே முன்கூட்டிக் காட்டுகின்றனவே. நான் மூன்று எழுத்து தட்டுவதற்குள் சொல் வந்துவிடுகிறது. விசையை எண்ணுவதில் பொருள் இருக்கிறதா?

சொல் பரிந்துரை தமிழ்99-க்கும் உண்டு தம்பி. செல்லினத்தில் எழுதிப் பாருங்கள். ஆகவே அந்தச் சாதகம் இரண்டு பக்கமும் சமம். ஊர்ப் பெயர், ஆள் பெயர், வட்டாரச் சொல் என்று பரிந்துரையில் இல்லாதவை வரும்போது யார் தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். ஏற்கெனவே ரோமன் எழுத்தில் வேகமாக எழுதுகிற உங்களை நான் மாற்றச் சொல்லவில்லை. இன்றுதான் தொடங்குகிற ஒருவரை அந்தச் சுற்றுவழியில் அனுப்பாதீர்கள் என்கிறேன்.

கேள்வி: இரண்டுமே வேண்டாம். ஒலிவாங்கிச் சின்னத்தைத் தொட்டுப் பேசினால் எழுதிவிடுகிறதே! என் அம்மா அப்படித்தான் செய்தி அனுப்புகிறார்.

உங்கள் அம்மா செய்வது சரி. கை நடுங்குகிறவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை, நானும் அதைத்தான் முதலில் காட்டுவேன். ஆனால் பல எளிய கைபேசிகளில் இதற்கு இணைய இணைப்பு வேண்டும். இரைச்சலில் தடுமாறும். பேச்சுவழக்கில் சொன்னால் சொற்கள் திரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் ஆள் இருக்கும்போது எல்லாச் செய்தியையும் உரக்கச் சொல்ல முடியாது. ஓடிபியை, அதாவது ஒரு முறை மட்டும் செல்லும் ரகசிய எண்ணை, யாராவது உரக்கச் சொல்லிக் கேட்டால் எனக்குப் பதறுகிறது.

கேள்வி: கடவுச்சொல் மறந்துவிட்டது. என்ன செய்வது?

உள்நுழையும் பக்கத்தில் "கடவுச்சொல் மறந்துவிட்டதா" என்பதைத் தொடுங்கள். மீட்பு எண்ணுக்குக் குறியீடு வரும். மீட்பு எண்ணையும் கொடுக்காமல் விட்டிருந்தால் வழி மிகவும் குறுகல். மீட்டதும் நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி: "உங்கள் வங்கிக் கணக்கு முடங்கப் போகிறது, இந்தச் செயலியை நிறுவுங்கள், நாங்களே சரிசெய்கிறோம்" என்று ஒருவர் அழைத்தார். நிறுவிவிட்டேன். ஓடிபி எதையும் சொல்லவில்லை. பயப்பட வேண்டுமா?

இதை உடனே செய்யுங்கள், மற்றதைப் பிறகு படியுங்கள். விமானப் பயன்முறையை இயக்குங்கள். அந்தச் செயலியை நீக்குங்கள். வேறொரு கைபேசியிலிருந்து, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணை அழைத்துக் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள்.

நீங்கள் ஓடிபியைச் சொல்ல வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. அவர்கள் நிறுவச் சொல்வது திரையைப் பகிரும் செயலி. உங்கள் திரையில் ஓடிபி வரும்போது அவர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்த வங்கியும் தொலைபேசியில் அழைத்து உங்களைச் செயலி நிறுவச் சொல்லாது. பிளே ஸ்டோருக்கு வெளியே அனுப்பிய கோப்பு, அது திருமண அழைப்பிதழ் என்று பெயர் வைத்து வந்தாலும், திறக்காதீர்கள். ஏமாந்ததற்காக வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். மறைக்கும் நேரத்தில்தான் பணம் போகிறது.

கேள்வி: என் கைபேசியிலும் இடம் நிறைந்துவிட்டது. 64 ஜிபி.

மேலே 32 ஜிபி கேள்விக்கு எழுதியதேதான்.

கேள்வி: திறந்திருக்கும் செயலிகளை அடிக்கடி மூடினால் பேட்டரி மிச்சமாகுமா?

ஆகாது. மூடியதை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதலாகச் செலவாகும். உறைந்து நிற்கும் செயலியை மட்டும் மூடுங்கள்.

கேள்வி: இரவில் சார்ஜரில் விடலாமா?

விடை எழுதியிருக்கிறேன். தயவுசெய்து ஏற்கெனவே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சிம் கார்டுக்கு ரகசிய எண் போட்டு, மூன்று முறை தவறாகத் தட்டிவிட்டேன். பி.யு.கே. கேட்கிறது.

ஊகித்துத் தட்டாதீர்கள். அது பூட்டிக்கொண்ட சிம்மைத் திறக்கும் எட்டு இலக்க எண். சிம் பொதிந்து வந்த அட்டையில் இருக்கும், அல்லது சேவை நிறுவனம் சொல்லும். பத்து முறை தவறினால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும்.

கேள்வி: தமிழ்99-ஐ நேற்று நிறுவினேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "படகு" என்று எழுதி முடித்து, "காககா" என்று காக்கை கரைவதை எழுதப் போனால் க்க ஆகிவிடுகிறது. உங்கள் தானியங்கிப் புள்ளி இங்கே இடைஞ்சல்தானே?

நல்ல கேள்வி. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலில் உள்ளதற்குப் புள்ளி விழும் என்பது விதி. புள்ளி வேண்டாத இடத்தில் இரண்டுக்கும் நடுவே அ-வைத் தட்டுங்கள். க, ஆ, க, அ, க, ஆ என்று தட்டினால் நீங்கள் கேட்டது அப்படியே வரும். இடது பக்க நடு வரிசையின் முதல் விசைதான் அ.