‘மணி அண்ட் ஐ’யா, ‘மணி அண்ட் மீ’யா?

கேள்வி: பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேனுங்க. பையருக்கு (எங்களிடம் சரக்கு வாங்குபவருக்கு) எழுதிய மெயிலில் ‘ப்ளீஸ் சென்ட் த ஃபிட் கமென்ட்ஸ் டு மணி அண்ட் ஐ’ (உடை பொருந்துவது பற்றிய கருத்துகளை மணிக்கும் எனக்கும் அனுப்புங்கள்) என்று போட்டிருந்தேன். மேனேஜர் ‘மீ’ என்று திருத்திவிட்டார். ‘ஐ’தானுங்களே மரியாதை?
– வாசகர், திருப்பூர்

பதில்: மேனேஜர் திருத்தியதுதான் சரி. மரியாதைக்கு இதில் வேலையே இல்லை. ‘மணி அண்ட்’ என்பதை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். ‘சென்ட் டு ஐ’ என்று யாராவது எழுதுவார்களா?

பள்ளியில் ‘மீ அண்ட் மணி வென்ட்’ என்றால் திட்டு விழும். அந்தப் பயத்தில் கண்ட இடத்திலும் ‘ஐ’ போடும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. செயலைச் செய்பவருக்கு ஐ, ஹீ, ஷீ, வீ, தே. செயலுக்கு ஆளாகிறவருக்கும், டு, ஃபார், வித், பிட்வீன் போன்றவற்றுக்குப் பின்னாலும் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். ஆகவே ‘பிட்வீன் யூ அண்ட் மீ’தான். யூ, இட் இரண்டும் மாறாது.

ஒப்பிடும்போதுதான் வம்பு. ‘த பையர் ட்ரஸ்ட்ஸ் மணி மோர் தேன் மீ’ என்றால், அவர் என்னைவிட மணியை அதிகம் நம்புகிறார். கடைசியில் ‘ஐ’ வந்தால், நான் மணியை நம்புவதைவிட அவர் அதிகம் நம்புகிறார் என்றாகிவிடும். அந்தப் பொருள்தான் வேண்டுமென்றால் ‘தேன் ஐ டூ’ என்று வினையையும் சேர்த்துவிடுங்கள்.

தப்பிப்பதற்காகச் சிலர் ‘காண்டாக்ட் மணி ஆர் மைசெல்ஃப்’ என்பார்கள். கேட்கப் பகட்டாக இருக்கும், ஆனால் தப்பு. அங்கேயும் ‘மீ’தான்.