சின்ன நாடுகளில் ஐஸ் ஹாக்கி உண்மையிலேயே வளர்கிறதா?

கேள்வி: ஐஸ் ஹாக்கி என்றால் கனடா, ரஷ்யா, அமெரிக்கா, ஸ்வீடன் என்று நாலைந்து நாடுகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் ஆட்டம்தானே? சின்ன நாடுகளிலும் வளர்கிறது என்கிறார்களே, அது உண்மையா, வெறும் பேச்சா? இதில் இந்தியா எங்கே இருக்கிறது?

பதில்:

உண்மைதான். இரண்டு ஸ்கோர்களைச் சொன்னால் உங்களுக்கே புரியும். 1949ல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கனடா டென்மார்க்கை 47-0 என்று அடித்தது. எழுத்துப் பிழை இல்லை, நாற்பத்தேழுதான். 2025 மே மாதம் டென்மார்க்கின் ஹெர்னிங் நகரில் நடந்த காலிறுதியில் அதே டென்மார்க் கனடாவை 2-1 என்று தோற்கடித்து ஊருக்கு அனுப்பியது. வந்தது ஏதோ ஒப்புக்கு அனுப்பிய அணி என்று நினைக்க வேண்டாம். கனடாவின் பெரிய நட்சத்திரங்களான சிட்னி க்ராஸ்பி, நேதன் மெக்கின்னன் இருவருமே இருந்தார்கள். ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்வரை கனடாதான் முன்னால். நிக்கோலாய் எலர்ஸ் சமன் செய்தார். கடைசி நிமிடத்தில் நிக் ஓலெசன் இன்னொரு கோல் போட்டார், கதை முடிந்தது.

நான் டொராண்டோவில் இருக்கிறேன். மறுநாள் அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேச ஆளே இல்லை. மே மாதம் வந்தால் இங்கே எல்லோருக்கும் என்எச்எல், அதாவது வட அமெரிக்காவின் தொழில்முறை கிளப் லீக், அதன் ப்ளேஆஃப்தான் உலகம். உலக சாம்பியன்ஷிப்பும் அதே நேரத்தில்தான் நடக்கிறது. இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதில் நேர்மையாக இருக்காது, ஏனென்றால் பெரிய நாடுகளின் நட்சத்திரங்களில் பலர் தங்கள் கிளப்புக்காக ஆடிக்கொண்டிருப்பதால் உலகப் போட்டிக்கு வருவதில்லை. சின்ன நாடுகளுக்கு இதனால் லாபம் உண்டு, நஷ்டமும் உண்டு. கனடாவிடம் பத்து பேர் வராவிட்டால் வேறு பத்து பேர் இருக்கிறார்கள். டென்மார்க்கிடம் எலர்ஸ் ஒருவர்தான். அவருடைய வின்னிபெக் அணி ப்ளேஆஃபில் தோற்று வெளியேறியதால்தான் அவர் கடைசி நேரத்தில் ஹெர்னிங் வந்து சேர முடிந்தது.

சரி, 47-0 எப்படி 2-1 ஆனது? பணம், குளிர் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். என் கணக்கில் முதல் காரணம் போட்டி நடத்தும் முறை. சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு 1908ல் பாரிஸில் தொடங்கியது. இன்று அதில் 80க்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகள். உலக சாம்பியன்ஷிப்பின் மேல் பிரிவில் 16 அணிகள். அதற்குக் கீழே முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன் என்று போகும். ஒவ்வொன்றிலும் ஏ, பி என்று இரண்டு குழு, பெரும்பாலும் குழுவுக்கு ஆறு அணிகள். எல்லாவற்றுக்கும் அடியில் நான்காம் டிவிஷன். ஒரு குழுவின் ஆட்டங்கள் எல்லாம் ஒரே ஊரில் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஜெயித்தவர் மேலே போவார், கடைசியில் இருப்பவர் கீழே இறங்குவார். மேல் பிரிவிலிருந்தும் ஒவ்வொரு வருடமும் இரண்டு அணிகள் இறங்கும், முதல் டிவிஷன் ஏ-விலிருந்து இரண்டு ஏறும். ஐஸ்லாந்து தனக்குச் சமமான அணியோடு ஆடும், மெக்சிகோ தனக்குச் சமமான அணியோடு ஆடும். தோற்றாலும் 3-2 என்று தோற்கிறார்கள், அடுத்த வருடம் எங்கே சரி செய்யணும் என்று தெரிகிறது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் 1987க்குப் போக வேண்டும். அந்த வருடம் பெர்த் நகரில் ஆஸ்திரேலியா நியூசிலாந்தை 58-0 என்று வென்றது. அப்படி ஒரு ஆட்டத்தில் தோற்றவருக்கும் பாடம் இல்லை, ஜெயித்தவருக்கும் பாடம் இல்லை. கிரிக்கெட்டில் நேபாளமும் நெதர்லாந்தும் ஒரு பெரிய அணியோடு ஆட எவ்வளவு காத்திருக்கின்றன, டெஸ்ட் ஆடும் நாடு எவ்வளவு மோசமாக ஆடினாலும் கீழே இறங்குகிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஹாக்கிக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள்.

டென்மார்க் அந்த 47-0க்குப் பிறகு மேல் பிரிவில் மறுபடி ஆட 2003 ஆகிவிட்டது. திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவை 5-2 என்று வென்றார்கள், அதே போட்டியில் கனடாவோடு 2-2 என்று சமன் செய்தார்கள். அப்போதிருந்து 2025 வரை ஒருமுறைகூட இறங்கவில்லை. மக்கள்தொகை சுமார் 60 லட்சம். அதிலும் அங்கே கால்பந்துக்கும் ஹேண்ட்பாலுக்கும் போனதுபோக மிச்சம்தான் ஹாக்கிக்கு. ஆனால் ஹெர்னிங், எஸ்பியர்க், ஆல்போர்க், ஓடென்சே என்று ஊருக்கு ஊர் ஐஸ் அரங்கு இருக்கிறது, அரங்கைச் சுற்றி ஒரு கிளப் இருக்கிறது. கோபன்ஹேகனை ஒட்டிய ரூடோவ்ரே என்ற ஒரே கிளப்பிலிருந்து யானிக் ஹான்சன், லார்ஸ் எல்லர் என்று என்எச்எல் வரை போனவர்கள் வந்தார்கள். எல்லர் 2018ல் வாஷிங்டன் அணியோடு என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையே வென்றார்.

இதில் பக்கத்து வீட்டு ஸ்வீடனுக்குப் பங்கு உண்டு. 2007ல் என்எச்எல்லில் அடியெடுத்து வைத்த ஃப்ரான்ஸ் நீல்சன் இதே ஹெர்னிங்காரர். இளம் வயதிலேயே கடலைத் தாண்டி மால்மோவுக்குப் போனவர். உள்ளூரில் அடிப்படை கற்றுக்கொள், பதினாறு பதினேழு வயதில் ஸ்வீடனுக்குப் போ, தேசிய அணிக்கு மட்டும் திரும்பி வா. சின்ன நாடுகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். ஸ்லோவேனியாவின் அன்ஷே கோபிட்டரும் யெசெனிட்சே என்ற எஃகு ஆலை ஊரில் ஆடத் தொடங்கி, பதின்ம வயதில் ஸ்வீடனுக்குப் போய், அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போனவர்.

ஆட்டத்தின் இயல்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐஸ் ஹாக்கியில் ஒரு வீரர் ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிடம்போல ஆடிவிட்டு மூச்சு வாங்க வெளியே வந்துவிடுவார், அடுத்த ஐவர் குழு உள்ளே போகும். அதனால் நாலு குழுவும் தேற வேண்டும். சின்ன நாட்டிடம் முதல் குழு பிரமாதமாக இருக்கும், மூன்றாவது நான்காவது குழுவில் ஆள் தேறாது. ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதியில் கால் கனக்கும்போது அது வெளியே தெரிந்துவிடும். ஆனால் கோல்கீப்பர் மாறுவதில்லை, அறுபது நிமிடமும் அவரே. ஆகவே ஒரு நல்ல கோல்கீப்பர் கிடைத்துவிட்டால் பாதிக் கணக்கு தீர்ந்தது. 2014 சோச்சி ஒலிம்பிக் காலிறுதியில் லாட்வியாவின் கிறிஸ்டர்ஸ் குட்லெவ்ஸ்கிஸ் கனடா அடித்த 57 ஷாட்டுகளில் 55ஐத் தடுத்தார். லாட்வியா பதிலுக்கு அடித்ததே 16தான். ஸ்கோர் 2-1. கனடா அந்த வருடம் தங்கம் வாங்கியது, ஆனால் அன்று நகத்தைக் கடித்துக்கொண்டுதான் ஜெயித்தது.

லாட்வியாவைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. சுமார் 19 லட்சம் பேர், அதாவது நம் ஊரில் ஒரு மாவட்டத்தின் அளவுதான். சோவியத் காலத்து தினமோ ரீகா கிளப் மூலம் ஹாக்கி மரபு இருந்தது. ஆனால் சுதந்திரம் பெற்ற பிறகு தனி நாடாக 1993ல் மூன்றாம் நிலையான சி பிரிவிலிருந்து ஏறி வர வேண்டியிருந்தது. 1997ல் மேலே வந்தார்கள். 2023ல் ஃபின்லாந்தோடு சேர்ந்து போட்டியை நடத்தினார்கள். காலிறுதியில் ஸ்வீடனை 3-1 என்று வென்று, அரையிறுதியில் கனடாவிடம் தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அமெரிக்காவை ஓவர்டைமில் 4-3 என்று வென்றார்கள். சமன் செய்த கோலும் வெற்றி கோலும் கிறிஸ்டியான்ஸ் ரூபின்ஸ் போட்டவை. மனிதர் ஒரு தடுப்பாட்டக்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோல்கீப்பர் ஆர்டூர்ஸ் ஷிலோவ்ஸ் போட்டியின் சிறந்த வீரர். அன்று இரவே, நள்ளிரவை ஒட்டி, நாடாளுமன்றம் அவசரமாகக் கூடி மறுநாள் திங்கள்கிழமையைப் பொது விடுமுறை என்று சட்டம் போட்டது. வெண்கலத்துக்கு! தங்கம் வாங்கியிருந்தால் அந்த வாரமே லீவு விட்டிருப்பார்கள் போல.

ஆனால் வளர்ச்சி என்றால் எப்போதும் மேல்நோக்கியே போகும் என்று நினைக்காதீர்கள். ஸ்லோவேனியா 2014ல் முதல்முறை ஒலிம்பிக் வந்து ஸ்லோவாக்கியாவையும் ஆஸ்திரியாவையும் வென்று காலிறுதி ஆடியது. பயிற்சியாளர் கோபிட்டரின் அப்பா, அணியில் இருந்த ஒரே என்எச்எல் வீரர் மகன். அழகான கதை. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் யெசெனிட்சேயின் பழம்பெரும் கிளப் கடனில் மூழ்கி மூடப்பட்டிருந்தது. சில வருடங்களில் தலைநகர் லூப்லியானாவின் ஒலிம்பியா கிளப்பும் அதே வழியில் போனது. ஒரு தலைமுறை மேலே ஜொலிக்கும்போதே அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ள வேண்டிய இடம் காலியாகிக்கொண்டிருந்தது. அந்த நாடு இன்றும் மேல் பிரிவுக்கும் அடுத்த டிவிஷனுக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

குறுக்கு வழியும் ஒன்று உண்டு. தென் கொரியா 2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்காக மேட் டால்டன் போன்ற கனடாக்காரர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. 2017ல் மேல் பிரிவுக்கும் தகுதி பெற்றது. 2018 உலக சாம்பியன்ஷிப்பில் ஏழு ஆட்டங்களிலும் தோற்று இறங்கியது, அவ்வளவுதான். நான் இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடியில் பையன்கள் வராமல் மேலே ஆள் சேர்த்தால் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு இது போதுமான சாட்சி.

இன்னொன்றும் கணக்கில் வர வேண்டும். 2022ல் ரஷ்யாவும் பெலாரஸும் விலக்கி வைக்கப்பட்டன, அதனால் மேலே இரண்டு இடம் காலியானது. அந்த வாசல் வழியாக உள்ளே வந்த ஆஸ்திரியா கிடைத்ததை விடவில்லை. 2024ல் கனடாவிடம் 6-1 என்று பின்தங்கி, கடைசிப் பகுதியில் ஐந்து கோல் போட்டு 6-6 ஆக்கி, ஓவர்டைமில்தான் தோற்றது. 2025ல் காலிறுதி வரை போனது. கதவு திறந்தது அதிர்ஷ்டம்தான், உள்ளே நின்று காட்டியது அதிர்ஷ்டம் இல்லை.

சரி, இந்தியா. 1989லிருந்தே நாம் கூட்டமைப்பில் உறுப்பினர். ஆனால் ஆண்கள் அணி முதல் சர்வதேசப் போட்டிக்குப் போனது 2009ல், அதுவும் அபுதாபிக்கு. பாலைவன நாட்டுக்குப் போய் ஐஸ் ஹாக்கி ஆடியது இமயமலைக்காரர்கள்! இதில்தான் விஷயம் இருக்கிறது. நம் வீரர்களில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். ராணுவத்தினர் உறைந்த குளங்களில் ஆடியதைப் பார்த்து ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்ட ஆட்டம். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், குளம் உறைந்திருக்கும் இரண்டு மாதம் ஆடலாம், மற்ற பத்து மாதம் ஸ்கேட்டைத் துடைத்து வைக்க வேண்டியதுதான். பிலிப்பைன்ஸைப் பாருங்கள். அங்கே பனி என்ற பேச்சே கிடையாது, ஆனால் மணிலாவின் மால்களுக்குள் வருடம் முழுக்க ஐஸ் ரிங்க் ஓடுகிறது. 2016ல்தான் கூட்டமைப்பில் சேர்ந்தார்கள், 2017 தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிவிட்டார்கள். குளிர் நாடு என்பதைவிடக் கரண்ட் பில் கட்ட ஆள் இருக்கும் நாடு என்பதுதான் முக்கியம் போலிருக்கிறது.

நம் பெண்கள் அணியின் கதை ஆண்கள் அணியைவிட எனக்குப் பிடிக்கும். 2016ல் பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் தைபேயில் முதல் போட்டி ஆடினார்கள். 2017ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது அவர்களுடைய முதல் சர்வதேச வெற்றி. 2018ல் கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர் லடாக்குக்கே வந்து அவர்களோடு ஆடினார். பெண்கள் ஹாக்கியில் அவரைவிடப் பெரிய பெயர் சொல்வது கஷ்டம். 2025ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றார்கள். இந்தத் தடவை யாரும் விடுமுறை விடவில்லை, பாதிப் பேருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை.

லே நகரில் இப்போது செயற்கையாகக் குளிரூட்டும் ரிங்க் ஒன்று இருக்கிறது, நல்ல தொடக்கம். ஆனால் எனக்கு எரிச்சல் தருவது டேராடூன். 2011ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகச் சர்வதேச அளவில் ஒரு உள்ளரங்கு கட்டினார்கள். போட்டி முடிந்தது, பராமரிக்க வழியில்லாமல் பத்து வருடத்துக்கும் மேல் அது சும்மா கிடந்தது. அந்தப் பத்து வருடத்தில் ஒரு குழந்தை ஸ்கேட் கட்டிப் பழகி இளையோர் அணிக்கே வந்திருக்கும். 2025ல் அதைப் புதுப்பித்து மறுபடி திறந்திருக்கிறார்கள். இந்தியாவில் ஐஸ் ஹாக்கி வளர்கிறதா என்று கேட்டீர்கள் அல்லவா, நான் பதக்கப் பட்டியலைவிட அந்த அரங்கு கோடையிலும் லடாக் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.