விழுந்த கல்லறைக் கல்லை எப்பத் தூக்கி வைக்கிறது? – கேள்வி பதில்

காரைக்குடில பழைய கல்லு, சுண்ணாம்பு வேலை பாக்குற ஆளு நான். கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

தேவகோட்டைலேருந்து: அண்ணே, மச்சான் நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்ல இருக்கார். அங்க 1851ல தொறந்த பார்படோஸ் தெரு கல்லறைத் தோட்டத்துல 2011 பூகம்பத்துல கல்லுங்க சாஞ்சுச்சாம். ஒண்ணு விழுது, பக்கத்துலயே ஒண்ணு நிக்குதே?

தடிமனை ஒசரத்தால வகுங்க தம்பி. 5 அடி ஒசரம், 6 இன்ச் தடிமன்னா பத்துல ஒரு பங்கு. கல்லோட எடையில அவ்வளவு வலு பக்கவாட்டுல தள்ளுனாலே ஆடத் தொடங்கிரும். குட்டையா, தடிமனா இருக்கறது தப்பிக்கும். அங்க 2010 செப்டம்பர்ல வந்த பூகம்பத்தோட அளவு 7.1, 2011 பிப்ரவரி 22ல வந்தது 6.3 தான், ஆனா ஊருக்கு ஒட்டுனாப்ல, ஆழமும் கம்மி. அடுத்த தெருவுல வெடிச்ச அணுகுண்டுப் பட்டாசை விட நம்ம திண்ணையில வெடிச்ச லட்சுமி வெடி தானே காதைக் கிழிக்கும்.

கானாடுகாத்தான் ஆச்சி: சிலது விழாம திருகிக்கிட்டு நிக்குதே அப்பு?

அடியில பிடிப்பு எல்லா மூலையிலயும் ஒண்ணு போல இருக்காது ஆச்சி. பீரோவை நகத்தும்போது ஒரு கால் மாட்டிக்கிட்டா மத்தது சுத்திரும்ல, அதே கதை. 1897 அஸ்ஸாம் பூகம்பத்துல சில்ஹெட் பக்கம் ஒரு ஒசரமான நினைவுத் தூணு இப்படித் திருகிப் போனதை ஓல்டாம்ங்கிற வெள்ளைக்கார நில ஆய்வாளர் எழுதி வச்சிருக்கார். அதனால கை வைக்கிறதுக்கு முன்ன போட்டோ எடுத்து, எந்தத் திசையில விழுந்துச்சுன்னு குறிச்சு வைங்க.

புதுவயல்: சிமெண்ட் வச்சு ஒட்டிரலாமா?

ஐயோ வேண்டாம்! பழைய ஒட்டு வேலையிலதான் பாதி கேடே. அந்தக் காலத்துல கல்லுக்குள்ள இரும்புக் கம்பி சொருகி நிறுத்துனாங்க, அது துருப்பிடிச்சு ஊதி உள்ளேருந்தே கல்லைப் பொளந்து வச்சிருக்கும், பூகம்பம் வந்து கடைசியா ஒரு தட்டு தட்டுது, அவ்வளவுதான். சிமெண்டு பல பழைய கல்லை விட கெட்டி, அடுத்த ஆட்டத்துல ஒட்டு நிக்கும், கல்லு ஒடையும். எவர்சில்வர் கம்பி, சுண்ணாம்புக் கலவை, நம்ம வீட்டுச் சுவத்துக்குப் பண்றதுதான். அவசரமும் ஆகாது, பின்னாடி வர்ற ஆட்டமெல்லாம் அடங்குனப்புறம் தூக்கி வைங்க. கிறைஸ்ட்சர்ச்ல அதே 2011 ஜூன் 13ல மறுபடி பெருசா குலுக்குச்சு.

பள்ளத்தூர்: நம்ம பக்கம் வருமா?

நம்ம பக்கம் பூகம்ப ஆபத்து கம்மி. இங்க கல்லறையைச் சாய்க்கிறது வேப்ப மர வேரு.

தேவகோட்டைலேருந்து மறுபடி: அதுவரைக்கும் துண்டுங்களை எங்க வைக்க?

அந்தந்தக் கல்லறை மேலயே. ரெண்டு மரச்சட்டம் போட்டு, எழுத்து மேல பாத்தாப்ல, துண்டுக்குத் துண்டு பின்பக்கம் சாக்பீஸ்ல நம்பர் போட்டு. கூட்டி அள்ளி ஒரு மூலையில குவிச்சா, யாரு பேரு யாருதுன்னு அப்புறம் எவனாலயும் கோக்க முடியாது.