ஸ்டூடியோவுக்கு மாடி பிடிக்கும் முன்

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து டப்பிங், எடிட்டிங் வேலை செய்கிறோம். சாலிகிராமத்தில் ஆற்காடு சாலையை ஒட்டி, உள்ளே அறை பிரிக்கும் சுவரே இல்லாத ஒரு மாடியைத் தரகர் காட்டினார். 1,200 சதுர அடி. "இஷ்டம்போல் தடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் உரிமையாளர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். அதற்குள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய், தரையிலிருந்து பீமின் அடிவரை அளந்து பாருங்கள். டப்பிங் அறை என்பது, வெளிச் சத்தம் நுழையாதபடி கட்டும் அறைக்குள் அறை. தரையைச் சற்றுத் தூக்க வேண்டும், மேலே இன்னொரு கூரை வேண்டும், ஏ.சி. குழாயும் ஓட வேண்டும். பீமுக்குக் கீழே எட்டரை அடிதான் என்றால், ஒன்றரை அடி இதிலேயே போய்விடும். மிஞ்சும் ஏழு அடியில் நின்று கத்திப் பேசும் கலைஞரை நினைத்துப் பாருங்கள், பாவம்.

அப்புறம், மாலை ஆறு மணிக்குப் போய் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள். ஹாரன் சத்தத்தை இரட்டைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். பஸ், ஜெனரேட்டர் எழுப்பும் 'உம்' என்ற அதிர்வு தூண் வழியாகவே ஏறி வரும், அதைத் தடுப்பது பெரிய செலவு. அந்தச் சாலைக்கு மேலேயே மெட்ரோ பாதையும் இருக்கிறது, மறக்க வேண்டாம். சாலையை விட்டு உள்ளே தள்ளிய தெருவில் இடம் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

1,200 என்பது படிக்கட்டு, லிஃப்ட் பங்கையும் சேர்த்த கணக்கா, உள்ளளவா என்று கேளுங்கள். மின் இணைப்பு மூன்று ஃபேஸா, வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா, எத்தனை கிலோவாட் என்பதை மின் கட்டண ரசீதிலேயே பார்த்துவிடலாம்.

வாய்வார்த்தையை நம்பாதீர்கள். தடுப்பு போடும் உரிமை, இரவு இரண்டு மணிக்கும் லிஃப்ட் ஓடி, வாசல் கேட் திறந்திருப்பது, காலி செய்யும்போது பேனல்களும் கதவுகளும் யாருக்கு என்பது, எல்லாம் ஒப்பந்தத்தில் வரட்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைதான். பத்து மாதம் கேட்டால் இதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும்.

நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, உரிமையாளர் பெறாதவராக இருந்தால், வாடகை மீதான 18 சதவீத வரியை நீங்களே கட்ட வேண்டிவரும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.